நீதிபதியின் நாற்காலி யார் கையில்?

அமெரிக்காவில் நோயாலோ விபத்தாலோ உழைக்கும் திறனை இழந்த ஒருவர், மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கிறார். முதல் சுற்றில் பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன. மறுபரிசீலனையிலும் கைவிரித்துவிட்டால், நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் முன் அவர் நேரில் போய்த் தன் நிலையைச் சொல்லலாம். எதிர்த்து வாதாட அங்கே அரசு வழக்கறிஞர் இல்லை. மருத்துவச் சான்றுகளைப் புரட்டுவது, கேள்வி கேட்பது, நிபுணர்களை விசாரிப்பது, தீர்ப்பு எழுதுவது எல்லாம் அந்த ஒரு நீதிபதிதான். 2017-ல் இந்த விசாரணைக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் இருந்தனர். சராசரிக் காத்திருப்பு ஒன்றரை ஆண்டைத் தாண்டியிருந்தது. அமெரிக்க மத்திய அரசில் அப்போது சுமார் 1,900 நிர்வாகச் சட்ட நீதிபதிகள் இருந்தார்கள். அவர்களில் 1,600-க்கும் மேற்பட்டோர் இந்த ஒரு துறையில்தான் பணியாற்றினர். சாதாரண அமெரிக்கர் பலருக்கு வாழ்நாளில் வாய்க்கும் ஒரே நீதிபதி இவர். ஆனால், இவர் நீதித் துறையைச் சேர்ந்தவர் இல்லை. எந்தத் துறையின் முடிவைச் சரிபார்க்கிறாரோ அந்தத் துறையிலேயே சம்பளம் வாங்குபவர்.

இந்த நீதிபதிகளை நியமிக்கும் முறை அரசமைப்புக்கு முரணானது என்ற வழக்குகள் கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்க நீதிமன்றங்களை உலுக்கியிருக்கின்றன. அவற்றில் கேட்கப்பட்ட கேள்வி, நியமன ஆணையில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பது. அதற்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் விடை சொல்லிவிட்டது. அந்த விடை சட்டப்படி சரியானதே. ஆனால், குடிமகனைக் காப்பாற்றும் கேள்விகள் வேறு: நீதிபதி எந்தத் தகுதியால் தேர்வு செய்யப்பட்டார்? பிடிக்காத தீர்ப்பு எழுதினால் அவரை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும்? முதல் கேள்விக்குக் கிடைத்த விடையைக் காரணம் காட்டி இந்த இரண்டு கேள்விகளுக்கும் இருந்த பழைய, நல்ல விடைகளை அழிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது தடுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய விடை எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். ரூஸ்வெல்ட் காலத்தில் ஒழுங்குமுறை ஆணையங்கள் பெருகின. ஒரே ஆணையம் விதி வகுத்தது, குற்றம்சாட்டியது, விசாரித்தது, தண்டித்தது. விசாரணை நடத்திய அலுவலரின் பதவி உயர்வும் சம்பளமும் குற்றம்சாட்டிய மேலதிகாரியின் கையில் இருந்தன. இந்த முறைகேட்டைச் சரிசெய்யவே 1946-ல் நிர்வாக நடைமுறைச் சட்டம் வந்தது. காங்கிரஸின் இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறிய சட்டம் அது. விசாரணை அலுவலரைத் துறையே நியமிக்கலாம். ஆனால் புலனாய்வும் வழக்கு நடத்தலும் செய்யும் அதிகாரிகளின் மேற்பார்வையில் அவர் இருக்கக் கூடாது. அவரது சம்பளத்தைத் துறை தீர்மானிக்கக் கூடாது. தக்க காரணம் இருப்பதாக, துறைக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு விசாரித்து முடிவு செய்தால் மட்டுமே அவரை நீக்கலாம். இதனுடன், மத்தியப் பணியாளர் அமைப்பு நடத்தும் தேர்வில் மதிப்பெண் பெற்று, முதல் மூவரில் ஒருவராக வர வேண்டும் என்ற முறையும் சேர்ந்தது. பிற்காலத்தில் 7 ஆண்டு வழக்காடல் அனுபவமும் தகுதியானது. ‘விசாரணை அலுவலர்’ என்ற பெயர் 1972-ல் ‘நிர்வாகச் சட்ட நீதிபதி’ ஆனது. 1978-ல் காங்கிரஸும் அதைச் சட்டத்தில் ஏற்றது. அதே 1978-ல், இவர்களுடைய பணி நீதிமன்ற நீதிபதியின் பணிக்கு நிகரானது என்று ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டை அசைத்தவர் ரேமண்ட் லூசியா. ஓய்வுக் காலச் சேமிப்புக்கு ‘பணவாளிகள்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு முதலீட்டுத் திட்டத்தைக் கருத்தரங்குகளில் விற்றுவந்த கலிஃபோர்னியாக்காரர். நம் செபியைப் போன்ற எஸ்இசி ஆணையம், அவர் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தினார் என்று நடவடிக்கை எடுத்தது. விசாரித்த நிர்வாகச் சட்ட நீதிபதி 3 லட்சம் டாலர் அபராதமும் தொழிலில் வாழ்நாள் தடையும் விதித்தார். அந்த நீதிபதி பதவியில் இருப்பதே செல்லாது என்றார் லூசியா. அமெரிக்க அரசமைப்பின் இரண்டாவது கூறுப்படி, அரசின் ‘அதிகாரி’களை அதிபரோ நீதிமன்றமோ துறைத் தலைவரோதான் நியமிக்க முடியும். எஸ்இசியின் ஐந்து நீதிபதிகளையும் அங்குள்ள அலுவலர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள், ஆணையர்கள் நியமிக்கவில்லை. நீதிபதிகள் வெறும் ‘ஊழியர்கள்’ என்றால் அது செல்லும். ‘அதிகாரிகள்’ என்றால் செல்லாது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டும் நேரத்தில், 2017 நவம்பரில் டிரம்ப் அரசு தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு லூசியாவின் பக்கம் சாய்ந்தது. கீழமைத் தீர்ப்பை ஆதரித்து வாதாடுவதற்கு உச்ச நீதிமன்றமே வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதாயிற்று. 2018 ஜூன் 21 அன்று நீதிபதி எலினா கேகன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, இவர்கள் அதிகாரிகளே என்றது. சாட்சியம் பெறுகிறார்கள், விசாரணை நடத்துகிறார்கள், எந்தச் சான்றை ஏற்பது என்று தீர்மானிக்கிறார்கள். ஆணையம் தலையிடாவிட்டால் அவர்கள் எழுதியதே இறுதி முடிவாகிறது. வரி நீதிமன்றத்தின் சிறப்பு நீதிபதிகளை அதிகாரிகள் என்று 1991-ல் சொன்ன நீதிமன்றத்தால் இதற்கு மாறாகச் சொல்லியிருக்க முடியாது. லூசியாவுக்கு வேறொரு நீதிபதி முன்னிலையில் புதிய விசாரணை பெறும் உரிமை கிடைத்தது.

தீர்ப்பின் இந்தப் பகுதியோடு எனக்குச் சண்டையில்லை. ஒருவரின் தொழிலையே பறிக்கும் அதிகாரம் உள்ளவரை, பெயர் தெரியாத பணியாளர் பிரிவு அமர்த்தக் கூடாது. பொறுப்பேற்கக்கூடிய ஒருவர் வெளிப்படையாக நியமிக்க வேண்டும் என்பது நியாயம். பரிகாரமும் எளிது. துறைத் தலைவர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டால் குறை தீர்ந்துவிடும். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்புத் தலைவர் 2018 ஜூலை மாதமே அத்தனை நீதிபதிகளின் நியமனத்தையும் அப்படித்தான் உறுதிசெய்தார். தேர்வு முறையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தேர்வில் தேறிய மூவரில் ஒருவரைத் துறைத் தலைவர் நியமிப்பதை அந்தத் தீர்ப்பின் எந்த வரியும் தடுக்கவில்லை.

ஆனால் நடந்தது வேறு. தீர்ப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 10 அன்று அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணை வெளியிட்டார். இனி நியமிக்கப்படும் நிர்வாகச் சட்ட நீதிபதிகள் போட்டித் தேர்வு முறையிலிருந்து விலக்கப்பட்டார்கள். மத்தியப் பணியாளர் அமைப்பின் தேர்வு போயிற்று, மூவர் பட்டியல் போயிற்று, 7 ஆண்டு அனுபவமும் போயிற்று. கட்டாயத் தகுதியாக மிஞ்சியது வழக்கறிஞர் உரிமம் மட்டும். அதற்கு மேல் என்ன கேட்பது என்பது துறைத் தலைவரின் விருப்பம். தேர்வு முறை அப்படியே இருந்தால் துறைத் தலைவரின் நியமன அதிகாரத்தில் குறுக்கிடுவதாக வழக்கு வரலாம் என்று ஆணை காரணம் சொன்னது. வரக்கூடும் என்ற அச்சத்துக்காக, எழுபதாண்டு காலம் கட்டிய தகுதி முறை ஒரே கையெழுத்தில் கலைக்கப்பட்டது. நல்ல துறைத் தலைவர் நல்லவர்களையே தேர்ந்தெடுப்பார். சில துறைகள் கடுமையான தகுதிகளைத் தாமாகவே வைத்திருக்கவும் செய்கின்றன. என்றாலும், தாமாக வைத்துக்கொண்ட விதியைத் தாமாகவே எடுத்துவிடவும் முடியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பணிநீக்கப் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் கணக்குத் தணிக்கை வாரியம் பற்றிய வழக்கில், அதிபருக்கும் ஓர் அதிகாரிக்கும் நடுவே இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாகச் சட்ட நீதிபதிகளைப் பற்றித் தாம் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதே ஓர் அடிக்குறிப்பில் விலக்கும் வைத்தது. லூசியா வழக்கில் அந்தக் கேள்வியையும் தீர்க்கும்படி அரசு கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. அதிகாரி என்ற முத்திரை விழுந்துவிட்டால் அடுத்து இந்தப் பாதுகாப்பு பறிபோகும் என்று நீதிபதி ஸ்டீபன் பிரேயர் தன் தனித் தீர்ப்பில் எச்சரித்தார். அவர் அஞ்சியதுபோலவே நடந்துவருகிறது. எஸ்இசி நீதிபதிகளின் பணிநீக்கப் பாதுகாப்பு செல்லாது என்று 2022-ல் ஜார்க்கெஸி வழக்கில் ஐந்தாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அதே வழக்கை ஜூரி விசாரணை உரிமையை வைத்து முடித்துவிட்டு, இந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க நீதித் துறை, இந்தப் பாதுகாப்பை இனி நீதிமன்றத்தில் ஆதரித்து வாதாடப் போவதில்லை என்று காங்கிரஸுக்கே கடிதம் எழுதிவிட்டது. காங்கிரஸ் இயற்றிய சட்டத்தைக் காக்க வேண்டிய அரசு, அதைக் கைகழுவியது. நீதிபதியை நீக்கத் தக்க காரணம் உண்டா என்று விசாரிக்க வேண்டிய வாரியத்தின் நிலையும் மோசம். 2017 தொடங்கி ஐந்தாண்டுகள் அது முடிவெடுக்கப் போதிய உறுப்பினர் இன்றிக் கிடந்தது. 2025-ல் அதன் உறுப்பினர் ஒருவரை அதிபர் காரணம் காட்டாமல் நீக்க, உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் அதற்கு வழிவிட்டது.

பணிநீக்கப் பாதுகாப்பு நீதிபதிகளின் சொந்தச் சலுகை என்று நினைப்பவர்கள் 1981 முதல் 1984 வரை நடந்ததைப் பார்க்க வேண்டும். ரீகன் அரசு செலவைக் குறைக்க, உதவித்தொகை பெற்றுவந்தவர்களின் கோப்புகளை அவசர அவசரமாக மறு ஆய்வு செய்தது. கிட்டத்தட்ட 5 லட்சம் பேரின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. மனநோயாளிகள், எழுந்து நடக்க முடியாதவர்கள் எல்லாம் உழைக்கத் தகுதியுள்ளவர்கள் என்று காகிதத்தில் எழுதப்பட்டார்கள். அவர்கள் நிர்வாகச் சட்ட நீதிபதிகளிடம் போனார்கள். மேல்முறையீட்டில் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு உதவித்தொகை திரும்பக் கிடைத்தது. நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. மனுதாரர்களுக்குச் சாதகமாக அதிகம் தீர்ப்பளிக்கும் நீதிபதிகளைத் தனியே பொறுக்கியெடுத்து, அவர்களுடைய தீர்ப்புகளை மட்டும் ஆராயத் தொடங்கியது. நீதிபதிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. அந்தத் திட்டம் நீதிபதிகளின் சுதந்திரத்தை அரிக்கக்கூடிய சூழலை உண்டாக்கியது என்று 1984-ல் வாஷிங்டன் நீதிமன்றம் கண்டறிந்தது. அதற்குள் நிர்வாகம் பின்வாங்கியிருந்ததால் தடையாணை பிறப்பிக்கவில்லை. அதே ஆண்டு காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, நினைத்தபடி உதவித்தொகையை நிறுத்தும் வழியை அடைத்தது. அந்த நீதிபதிகளைக் காரணமின்றி நீக்கும் அதிகாரம் அன்றைய நிர்வாகத்தின் கையில் இருந்திருந்தால், அந்த 2 லட்சம் பேரில் எத்தனை பேர் நியாயம் பெற்றிருப்பார்கள்?

பாதுகாப்பு இல்லாத நிலை எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. அமெரிக்கக் குடியேற்ற நீதிபதிகளைப் பார்த்தாலே போதும். அவர்கள் நிர்வாகச் சட்ட நீதிபதிகள் இல்லை. 1946-ம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. ஆனால் அவர்களுடைய நியமனத்தில் அரசமைப்புக் குறை எதுவும் இல்லை. துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரலே நேரடியாக நியமிக்கிறார். லூசியா தீர்ப்பின் அளவுகோலில் நூற்றுக்கு நூறு. 2018-ல் இந்த நீதிபதிகளுக்கு ஆண்டுக்கு 700 வழக்குகளை முடிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. 2025-ல் டஜன் கணக்கானோர் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். பலருக்குக் காரணமே சொல்லப்படவில்லை. ஒருவரை நாடு கடத்தினால் அவர் உயிருக்கு ஆபத்தா என்று தீர்மானிக்கும் நீதிபதி, தன் அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டே தீர்ப்பு எழுத நேர்கிறது. அரசமைப்பின் நியமனக் கூறு அங்கே முழுமையாக நிறைவேறியிருக்கிறது. நீதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் சில வலுவானவை. மக்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாக அதிகாரம் முழுவதும் அவரிடம் இருக்கிறது. அவரால் நீக்க முடியாத அதிகாரி யாருக்குப் பொறுப்பு என்று கேட்கிறார்கள். கேள்வி சரி. ஆனால், துறையின் கொள்கையை நிர்வாகச் சட்ட நீதிபதி வகுப்பதில்லை. விதிகளை எழுதுவது துறை. அந்த விதிகளுக்கு அவர் கட்டுப்பட்டவர். அவர் தீர்ப்பு பிழையென்று தோன்றினால் துறையின் மேல்மட்டம் அதை மாற்றலாம். மக்களுக்குப் பொறுப்பான தலைவர் கொள்கை முடிவைத் தன் பெயரில், வெளிப்படையாக எடுக்க எல்லா வழியும் இருக்கிறது. அவருக்கு இல்லாதது ஒன்றுதான்: குறிப்பிட்ட ஒரு மனிதரின் வழக்கில் உண்மை என்ன என்று கண்டறிபவரை மிரட்டும் அதிகாரம். அது ஜனநாயகப் பொறுப்புடைமையில் சேராது. போர் இழப்பீட்டு ஆணைய உறுப்பினரை அதிபர் ஐசனோவர் நீக்கியது செல்லாது என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது சொன்ன காரணமும் இதுவே. வழக்குகளை அவற்றின் தகுதியை வைத்துத் தீர்மானிக்க வேண்டியவர் தலைக்குமேல் பணிநீக்கக் கத்தி தொங்கக் கூடாது என்று காங்கிரஸ் கருதியிருக்கிறது என்பதே அதன் சாரம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. இந்த நீதிபதிகள் உண்மையில் சுதந்திரமானவர்களா? 2010 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை எஸ்இசி தன் சொந்த நீதிபதிகள் முன் 90 சதவீத வழக்குகளில் வென்றது, நீதிமன்றங்களில் 69 சதவீதம்தான் வென்றது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்கிட்டு எழுதியது. எந்தெந்த வழக்கை எங்கே கொண்டுபோவது என்பதை எஸ்இசியே முடிவு செய்ததால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், சந்தேகம் நியாயமானது. நீதிபதிகள் துறையோடு நெருக்கமாக இருப்பதுதான் நோய் என்றால், அவர்களைத் துறைத் தலைவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுவது எப்படி மருந்தாகும்? மோசடிக் குற்றச்சாட்டுக்குப் பெரும் அபராதம் விதிக்கும் வழக்குகளை நீதிமன்றத்துக்கு, ஜூரியின் முன் கொண்டுபோக வேண்டும் என்று ஜார்க்கெஸி வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தக் கவலைக்கு நேரான பதில். மூன்றாவதாக, ஊழல் நீதிபதியை அசைக்க முடியாதே என்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வழக்கறிஞரிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு உதவித்தொகை வழங்கிவந்த சமூகப் பாதுகாப்பு நீதிபதி ஒருவர் பிடிபட்டது உண்மை. அவர் சிறைக்குப் போனார். லஞ்சம் தக்க காரணம்தான். சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. கண்காணிக்கத் தவறியது நிர்வாகம்.

இந்த வழக்குகளால் பயன்பெறுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நியமனக் கேள்வியை விசாரணையிலேயே எழுப்பாதவர்களும் பிறகு எழுப்பலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் உதவித்தொகை மறுக்கப்பட்ட சிலர் மறு விசாரணை பெற்றார்கள்; அது நல்லதே. ஆனால், பணிநீக்கப் பாதுகாப்பைத் தாக்கும் வழக்குகளில் மனுதாரர்கள் பெரும்பாலும் நிறுவனங்களும் நிதி ஆலோசகர்களும்தான். மொன்டானாவின் டெக்கர் நிலக்கரி நிறுவனம், நுரையீரல் கெட்டுப்போன தன் முன்னாள் தொழிலாளிக்கு வழங்கப்பட்ட இழப்பீட்டை எதிர்த்தபோது, தீர்ப்பெழுதிய நீதிபதியின் பணிநீக்கப் பாதுகாப்பு அரசமைப்புக்கு முரணானது என்றது. ஒன்பதாவது சரக நீதிமன்றம் 2021-ல் அந்த வாதத்தை நிராகரித்தது. சுரங்கத்தில் உழைத்து மூச்சுத் திணறும் மனிதருக்கும் அவருக்குரிய இழப்பீட்டுக்கும் நடுவே அரசமைப்புக் கோட்பாடு கொண்டுவந்து நிறுத்தப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதே கேள்வி சென்னையிலிருந்தும் எழுந்திருக்கிறது, நேர் எதிர்த் திசையில். மெட்ராஸ் பார் அசோசியேஷன் 2010 தொடங்கி உச்ச நீதிமன்றத்தில் நடத்திவரும் வழக்குகளின் மையம், தீர்ப்பாய உறுப்பினர்களின் நியமனம் மத்திய அரசின் பிடியில் போய்விடக் கூடாது என்பது. கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், தேசிய வரித் தீர்ப்பாயம் என்று தொடங்கிய அந்தத் தொடர், உறுப்பினரின் பதவிக்காலம் நான்கே ஆண்டு, வயது 50-க்குக் குறையக் கூடாது என்ற விதிகள் வரை வந்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் ரத்து செய்த விதிகளை நாடாளுமன்றம் அடுத்த மாதமே மீண்டும் சட்டமாக்கியது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை மறுபடி ரத்து செய்து, தேசியத் தீர்ப்பாய ஆணையம் அமைக்க நான்கு மாதம் கெடு விதித்தது. நம் தீர்ப்பாயங்களில் காலியிடங்களும் தாமதமும் மலிந்திருக்கின்றன, பெருமைப்பட அதிகமில்லை. ஆயினும், அரசே பெரிய வழக்காளியாக இருக்கும் இடத்தில் நடுவரின் பதவிக்காலம் அரசின் தயவில் இருக்கக் கூடாது என்ற அடிப்படையை இந்திய உச்ச நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் அந்த அடிப்படையை இழக்கும் விளிம்பில் நிற்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. கலிஃபோர்னியா 1945-லேயே நிர்வாக நீதிபதிகளைத் துறைகளிலிருந்து பிரித்து, தனி அலுவலகத்தின்கீழ் கொண்டுவந்தது. இன்று அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இத்தகைய பொது அமைப்பு இயங்குகிறது. மத்திய அரசிலும் அதைக் கொண்டுவர 1980-களில் செனட்டில் மசோதாக்கள் வந்து நிறைவேறாமல் போயின. அவற்றைத் தூசுதட்டி எடுக்க இதைவிடத் தகுந்த காலம் கிடையாது. அமைப்பின் தலைவரை அதிபர் செனட்டின் ஒப்புதலோடு நியமிக்கட்டும். அவர் தேர்வில் தேறியவர்களிலிருந்து நீதிபதிகளை நியமிக்கட்டும். நியமனக் கூறும் நிறைவேறும், தகுதியும் காக்கப்படும். அது வரும்வரை, 2018-ல் நிர்வாக ஆணையால் அகற்றிய தகுதித் தேர்வைக் காங்கிரஸ் சட்டமாகவே எழுதித் திரும்பக் கொண்டுவர வேண்டும். 2010-லும் 2018-லும் 2024-லும் தள்ளிவைத்த கேள்வியை உச்ச நீதிமன்றம் கையிலெடுக்கும் நாளில், தக்க காரணமின்றி நீதிபதியை நீக்க முடியாது என்ற 1946-ம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்.